மூச்சிழுத்த வீடு

ஒஸ்தாப் பயந்தது இரண்டே விஷயத்துக்கு. ஒன்று, குளிர் வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று. இன்னொன்று, தெக்லா வீட்டை விட்டுப் போய்விடுவாளோ என்று.

முதல் பயம் மானிடோபாவில் எங்கள் ஊரில் எல்லோருக்கும் உள்ளதுதான். அக்டோபர் வந்தால் வீட்டுக்கு வீடு ஜன்னல் சட்டத்தில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, ஹேர் டிரையரால் சூடு காட்டுவோம். தாள் சுருங்கி, தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வருகிற அளவுக்கு இறுகிவிடும். அதற்குமேல் பனி கொட்டினால் கொட்டட்டும். ஆனால் ஒஸ்தாப்புக்கு அது போதாது. கதவடியில் கம்பளிப் பட்டை, சாவித் துவாரத்தில் பஞ்சு, சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டையில் மெழுகு என்று ஒன்றையும் விட மாட்டான். எதிர்வீட்டு ஹராசிம், தன் மனைவி செத்த பிறகு வாயை மட்டுமே வைத்துப் பிழைக்கிற ஆள். அவன் சொல்வான்: "ஒஸ்தாப் வீட்ல ஒருத்தன் கொட்டாவி விட்டா அது வெளிய வர வழி தெரியாம வசந்தம் வரைக்கும் உள்ளயே சுத்திக்கிட்டிருக்கும்."

இரண்டாவது பயம் அந்த வீட்டுக்கே உரியது. வீட்டின் பின்சுவரை ஒட்டி ஒஸ்தாப்பின் மரப்பட்டறை இருந்தது. நடுவில் ஒரே ஒரு கதவு, இந்தப் பக்கம் சமையலறை, அந்தப் பக்கம் ரம்பம். அவன் வேலை பார்த்த தானியக் கிடங்கை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு அந்தப் பட்டறைதான் சோறு போட்டது. தேனீப் பெட்டிகளும் கல்யாணப் பெண்களுக்கான துணிப்பெட்டிகளும் செய்தான். எல்லாம் சிவப்பு தேவதாரு. ஊரே அந்த வாசனையை மெச்சும். அந்த வாசனைதான் தெக்லாவின் நெஞ்சைப் பிடித்தது.

முதலில் இருமல். பிறகு படியேறினால் இரைப்பு. பிறகு படி ஏறாமலேயே இரைப்பு. பைன் மரத்துக்கு மாறிப் பார்த்தான். அதற்குள் அவள் நுரையீரல் எந்த மரமானாலும் விரோதி என்று முடிவு கட்டியிருந்தது. கதவில் ஈரத் துணி தொங்கவிட்டான். பட்டறைச் சட்டையைப் பட்டறையிலேயே கழற்றிவிட்டு, உள்ளாடையோடு நடுங்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்தான். அப்படியும் மாவு போல மெல்லிய தூள் அவனுக்கு முன்னால் வந்து ரொட்டி மேலே உட்கார்ந்திருந்தது.

பட்டறையைத் தள்ளிக் கட்டினால் என்ன என்று கேட்பவர்கள் எங்கள் ஜனவரியைப் பார்த்ததில்லை. பசை டப்பாவிலேயே கல்லாகிவிடும். வீட்டுக்குக் கீழே இருந்த எரிவாயு உலையின் சூடுதான் பட்டறைக்கும் போனது. இன்னொரு உலை வாங்க வக்கு இல்லை. ஐம்பத்தெட்டு வயதுக்காரனை வேறு வேலைக்குக் கூப்பிட ஆளும் இல்லை.

டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். "ஒண்ணு மரம் அந்த வீட்டை விட்டுப் போகணும். இல்ல, இந்தம்மா போகணும்."

தெக்லாவின் தங்கை ஒலேனா வான்கூவரில் இருந்தாள். கடல்காற்று, பனியில்லாத தெரு, காலியாக ஓர் அறை. வாரம் தவறாமல் போன் செய்தாள்.

"போயிட்டு வாயேன்," என்றான் ஒஸ்தாப், மனசுக்கு மாறாக. "ரெண்டு மாசம் இருந்துட்டு வா."

தெக்லா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். ஒரு வாக்கியத்துக்கு அவளுக்கு அவ்வளவு முன்னேற்பாடு வேண்டியிருந்தது. "போனா வரமாட்டேன், ஒஸ்தாப். கோவத்துல சொல்லல. அங்க நல்லா மூச்சு விட்டுப் பழகிட்டேன்னா, இந்த வாசப்படிய மிதிக்க எனக்கே பயமாயிடும். என்னை எனக்குத் தெரியாதா?"

அன்றைக்குத்தான் ஒஸ்தாப் தூசி இழுக்கும் யந்திரம் கட்டுவது என்று முடிவு செய்தான்.

வேக்குவம் கிளீனரைக் கையால் இழுத்துக்கொண்டு அறை அறையாகப் போவதில் பயனில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. பெரிய தூளை அது பிடிக்கும். நெஞ்சைக் கெடுக்கிற மெல்லிய தூளைப் பையின் வழியே திருப்பி அறைக்குள்ளேயே துப்பிவிடும். ஆகவே வீட்டுக்கும் பட்டறைக்கும் சேர்த்து ஒரே வேக்குவம். யந்திரம் ஓரிடத்தில் இருக்கும். சுவருக்குள் குழாய் ஓடும். அறைக்கு ஒரு வாய், ரம்பத்தடியில் ஒரு வாய், கடைசல் பட்டறைக்கு ஒரு வாய். பணக்கார வீடுகளில் கடையில் வாங்கி மாட்டுவார்கள். ஒஸ்தாப் கையால் கட்டினான்.

பண்ணை ஏலத்தில் தானியம் உலர்த்தும் பெரிய ஊதுவிசிறி ஒன்று கிடைத்தது. அதை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தபோது ஹராசிம் வாசலில் நின்றான்.

"டேய், இதென்ன, வீட்டைக் கட்டித் தூக்கிட்டுப் பறக்கப் போறியா?"

"தூசி இழுக்க."

"தூசி இழுக்கவா? இது உன் பொண்டாட்டி தலைமுடியையும் சேத்து இழுத்துரும்டா."

விசிறியைப் பட்டறை மூலையில் நிறுத்தினான். அடுப்புக் குழாய்த் தகரத்தை வெட்டிக் கூம்பு செய்து எண்ணெய் டிரம் மேலே கவிழ்த்தான். காற்று கூம்புக்குள் சுழலும்போது கனத்த தூள் டிரம்மில் விழுந்துவிடும். மெல்லியது? அதற்குத்தான் அவன் தூக்கம் கெட்டு யோசித்தான். வடிகட்டியை நம்பவில்லை. சுவரில் ஓட்டை போட்டு, காற்றையும் தூளையும் மொத்தமாக வெளியே தள்ளிவிடுவது என்று தீர்மானித்தான். போனது போனதுதான், திரும்பி வராது.

தூள் ஓடும் குழாயில் பொறி தட்டித் தீப்பிடிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தான். அதனால் குழாய் நெடுக வெறும் செம்புக்கம்பி ஓட்டி மண்ணில் இறக்கினான். சந்துக்குச் சந்து பசை தடவினான். எதற்கெல்லாம் பயப்பட வேண்டுமோ அதற்கெல்லாம் பயந்துதான் செய்தான். யாரும் அவனை அஜாக்கிரதைக்காரன் என்று சொல்லிவிடக் கூடாது. நான் சொல்ல விட மாட்டேன்.

கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கியபின் ஒரு நாள் யந்திரத்தை ஓட்டிக் காட்டினான். எங்கள் கிறிஸ்துமஸ் பழைய நாட்காட்டிப்படி ஜனவரி ஏழாம் தேதி, மற்றவர்கள் கிறிஸ்துமஸ் மரத்தைக் குப்பையில் போட்ட பிறகு. விசிறி உறுமியது. சமையலறைக் குழாய் வாயருகே தெக்லா ஒரு பிடி மாவைத் தூவினாள். மாவு தரையைத் தொடுவதற்குள் காணாமல் போனது. அப்போதுதான் அவள் ஜன்னலைப் பார்த்தாள். இறுகி ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் மெல்ல உள்பக்கமாக உப்பி வந்துகொண்டிருந்தது, குழந்தை கன்னத்தை உப்புவது போல.

"ஒஸ்தாப், இங்க பாரு! வீடு மூச்சிழுக்குது!" பல மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தாள். "இழுக்கட்டும். எனக்கும் சேத்து அதுவே இழுக்கட்டும்."

அந்தச் சிரிப்புக்காக அவன் இன்னும் பத்து விசிறி கட்டியிருப்பான். வந்தவர் போனவர்க்கெல்லாம் அதைத்தான் காட்டினான். "தாளைப் பாரு, தாளைப் பாரு," என்பான். தாள் எவ்வளவு உப்புகிறதோ அவ்வளவு இழுவை. அதுதான் அவனுக்கு அளவுகோல். நாங்களும் போய்ப் பார்த்தோம், தலையை ஆட்டிவிட்டு வந்தோம். எல்லோர் வீட்டுக்கும் கீழே உலை இருந்தது. ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஒரே ஒரு குறை. யந்திரம் ஓடும்போது எங்கிருந்தோ குளிர்காற்று ஊசி மாதிரி உள்ளே வந்தது. மின்சாரப் பலகையின் சந்தில், பரண் கதவின் ஓரத்தில், தபால் போடும் வாயில். ஒஸ்தாப் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினான். சுடர் எங்கெல்லாம் ஆடியதோ அங்கெல்லாம் பசை பிதுக்கி அடைத்தான். விசிறி அவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறதே, அந்த இடத்தை நிரப்ப வேறு காற்று எந்த வழியாக வரும் என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. குளிரை உள்ளே விடாதே என்றுதான் அவனுக்குப் பால் குடிக்கிற வயதிலிருந்து சொல்லி வளர்த்திருந்தார்கள். ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தான். கடைசியில் அடைபடாமல் நின்றது உலையின் புகைபோக்கி மட்டும்தான்.

தெக்லாவின் இருமல் குறைந்தது. அது உண்மை. மத்தியானம் சாப்பிட்டதும் அவளுக்குக் கண் சொக்கியது. நாற்காலியில் சாய்ந்தபடியே ஆழ்ந்து தூங்கினாள். இரைப்பில் தூக்கமே இல்லாமல் கிடந்தவள் தூங்குகிறாளே என்று ஒஸ்தாப் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு பட்டறையில் மகிழ்ந்து போனான். எழுந்தால் தலைவலி என்பாள். அவனுக்கும் தலை வலித்தது. விசிறிச் சத்தம் என்று நினைத்தான். ஒரு நாள் வாந்தி எடுத்தாள். நோன்புக்கு வெண்ணெய் இல்லாமல் வெறும் எண்ணெயில் சமைக்கிறோம், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். இருக்கும் என்றான். தூசி இன்னும் எங்கேயோ பாக்கி இருக்கிறதோ என்ற சந்தேகத்தில் யந்திரத்தை இன்னும் அதிக நேரம் ஓட்டினான்.

ஜனவரி ஆறு, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்து நாள். பன்னிரண்டு பதார்த்தம் செய்து மேசையில் வைத்து, வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிகிற வரை யாரும் வாயில் ஒன்றும் போடக் கூடாது. மேசை விரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்ப வேண்டும், மாட்டுக்கொட்டிலில் பிறந்தவரின் நினைவாக. தெக்லாவின் நெஞ்சு கெட்ட பிறகு அந்த வீட்டில் வைக்கோலுக்குப் பதிலாக மஞ்சள் காகிதத்தை நறுக்கிப் போட்டார்கள். அவளுக்கு அது பெரிய மனக்குறை.

"இந்த வருஷம் வைக்கோல் போடலாமா?" என்று காலையிலேயே கேட்டாள். "உன் யந்திரந்தான் இருக்கே. காகிதத்து மேல ஆண்டவரப் படுக்கவைக்க எனக்கு வெக்கமா இருக்கு."

"போட்டுரலாம்."

மத்தியானம் அவன் எல்லா அறை வாய்களையும் திறந்துவிட்டு, பட்டறை வாய்களையும் திறந்துவிட்டு, யந்திரத்தின் சுவிட்சைத் தட்டினான். தூக்குவாளி மூடியைப் போல வாசற்கதவு சட்டத்தில் இறுகிக்கொண்டது. தாள்கள் எல்லா ஜன்னலிலும் உப்பின. தெக்லா உருளைக்கிழங்கு பொதிந்த கொழுக்கட்டைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தலை வலிக்குது ஒஸ்தாப். நிறுத்திரட்டுமா?"

"நான் வர்ற வரைக்கும் ஓடட்டும். வைக்கோல் வர்றதுக்குள்ள உள்ள இருக்கிற தூசியெல்லாம் போயிரும். நிறுத்தாத."

அந்த ஒரு சொல்லை அவன் எத்தனை தரம் தனக்குத்தானே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

மேற்கே ஒரு பண்ணையில் சுத்தமான வைக்கோல் கிடைத்தது. பண்டிகை நாள், பண்ணைக்காரன் பேசிக்கொண்டே நின்றான். ஒஸ்தாப் திரும்பி வரும்போது வெளிச்சம் மங்கி, குளிர் மூக்கு மயிரை ஒட்டவைத்தது. ஊர் வீடுகள் எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் புகை தூண் தூணாக நேரே நின்றது. அந்தக் குளிரில் உலை எரிகிற வீட்டுக்கெல்லாம் அந்தத் தூண் இருக்கும்.

விருந்துக்கு அழைக்கப்பட்ட ஹராசிம் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து பட்டினி, எரிச்சலில் இருந்தான்.

"எங்கடா அந்தப் பாழாப்போன நட்சத்திரம்? உன் கூரைக்கு மேலதான் வருஷா வருஷம் முதல்ல தெரியும். உன் வீட்டுப் புகை மறைக்கும், நகந்து நகந்து பார்ப்பேன். இன்னிக்கு மறைக்கக்கூட ஒண்ணுமில்ல."

"ஏன்?"

"எனக்கென்ன தெரியும்? உன் வீட்ல எல்லாம் தலைகீழ். புகைபோக்கி செத்துக் கெடக்கு, சுவரு புகையுது. பண்டிகைக்கு உலைக்கு லீவு விட்டுட்டியா?"

ஒஸ்தாப் நிமிர்ந்து பார்த்தான். ஊரெல்லாம் தூண்கள். அவன் கூரைமேல் மட்டும் செங்கல் வாய் கருப்பாக, சும்மா திறந்திருந்தது. பக்கச் சுவரில் அவன் போட்ட ஓட்டையிலிருந்து வெள்ளை ஆவி பீறிட்டுக்கொண்டிருந்தது. உலை நிற்கவில்லை. அதன் மூச்சு மேலே போகாமல் கீழே திரும்பியிருந்தது. அடைக்காமல் விட்ட ஒரே ஓட்டை வழியாக வீடு, மணமில்லாத தன் நச்சுப்புகையைத் தானே குடித்துக்கொண்டிருந்தது.

வைக்கோல் கட்டு அவன் கையிலிருந்து விழுந்தது. கதவை இழுத்தான், வரவில்லை. விசிறி அதை உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டிருந்தது. "தெக்லா!" என்று கத்திக்கொண்டே மண்வெட்டியால் சமையலறை ஜன்னலை அடித்தான். கண்ணாடி உடைந்தது. உப்பியிருந்த பிளாஸ்டிக் தாள் ஒரே வெடியாகக் கிழிந்து உள்ளே பறந்தது. அவன் எவ்வளவு நேர்த்தியாக ஒட்டிய தாள்!

ஜன்னல் வழியே உள்ளே குதித்தான். மேசையில் பன்னிரண்டு பதார்த்தமும் இருந்தன. தேனும் கசகசாவும் போட்ட கோதுமைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தலையை வைத்து தெக்லா படுத்திருந்தாள். கன்னமெல்லாம் ரோஜாச் சிவப்பு. கல்யாணத்தன்று இருந்தது போல இருந்தாள். ஒரு நொடி, ஒரே நொடி, இவளுக்கு ஒன்றுமில்லை என்று அவன் நம்பிவிட்டான். பிறகு தூக்கினான். தலை தொங்கியது.

மரத்தூள் இல்லாத, புகை இல்லாத, எலும்பை உறையவைக்கும் காற்றில், பனிமேல் அவளைக் கிடத்தி, அவள் வாயில் தன் வாயை வைத்து ஊதினான். ஹராசிம் தன் கோட்டைக் கழற்றி அவளுக்கடியில் திணித்தான். "ஊதுடா, ஊதுடா," என்று அழுதுகொண்டே சொன்னான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் நட்சத்திரம் வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

உயிர் தங்கியது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, வாரக்கணக்கில் படுக்கவைத்து அனுப்பினார்கள். ஒஸ்தாப் விசிறியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டான். சுவர் ஓட்டைக்குச் செங்கல் வைத்தான். தேவதாருப் பலகைகளைக் கேட்டவர்களுக்குத் தூக்கிக் கொடுத்தான். பட்டறையைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனான். டாக்டர் சொன்னபடி மரம் போயிற்று. தெக்லாவின் மூச்சு சுத்தமாகிவிட்டது. ஓட்டமாகப் படியேறினாள்.

பனி உருகும் காலத்தில்தான் மற்றது தெரிந்தது. அடுப்பில் வைத்ததை மறந்தாள். ஹராசிமின் மனைவி எப்படி இருக்கிறாள் என்று ஹராசிமிடமே கேட்டாள். காலையில் சொன்னது மத்தியானம் இல்லை. அந்தப் புகை போகும்போது எதையெல்லாம் கையோடு எடுத்துப் போயிற்று என்று யாருக்கும் கணக்குத் தெரியவில்லை. டாக்டர்கள் கையை விரித்தார்கள்.

ஒலேனா வந்து பார்த்துவிட்டு ஒஸ்தாப்பின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "எங்கூட வந்திருந்தா முழுசா இருந்திருப்பா! அவளை என்கிட்ட குடு!"

தெக்லா இருவரையும் புரியாமல் பார்த்தாள். "நான் எதுக்கு அங்க வரணும்? எனக்கென்ன சீக்கா?" என்றாள். தனக்கு மூச்சு முட்டியதே அவளுக்கு நினைவில்லை. அவள் போகவில்லை. ஒஸ்தாப் கேட்ட வரம் அப்படிப் பலித்தது.

தினமும் கேட்பாள். "ஏன் பட்டறைல சத்தமே இல்ல? எனக்காகவா? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், போய் வேலையப் பாரு." ஒரு தடவை நடந்தது முழுவதையும் சொன்னான். நிறுத்தாதே என்று தான் சொன்னதையும் சொன்னான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தாள். மறுநாள் காலையில் எழுந்து, பட்டறையில் ஏன் சத்தமில்லை என்று கேட்டாள். அவளைத் தினம் புதிதாக அழவைக்க அவனுக்குத் தெம்பில்லை. "நாளைக்குப் போறேன்," என்று சொல்லிவிடுவான்.

அக்டோபர் வந்தது. மனசு மறந்தாலும் கை மறப்பதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து அவன் வரும்போது தெக்லா ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஹேர் டிரையரால் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டினாள். சுருக்கம் ஒன்றுகூட இல்லை. அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"வேண்டாம் தெக்லா. இந்த வருஷம் வேண்டாமே."

"வேண்டாமா? குளிர்ல சாகணுமா? உனக்கு மூளை கீளை கெட்டுப்போச்சா?"

அவள் கொல்லைப்பக்கம் போனதும் அவன் சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்து, தாளின் அடி ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறினான். ஜன்னலின் தாழையும் கொஞ்சம் நெகிழ்த்திவிட்டான். குளிர் மெல்லிய நூலாக உள்ளே வந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் அப்படியே செய்தான்.

மறுநாள் அவள் கண்டுபிடித்து, நாடா ஒட்டி அடைத்தாள். அவன் வேறு மூலையில் கீறினான். அவள் அடைத்தாள்.

"வீட்ல எலி இருக்கு," என்றாள். "பொறி வை."

வைத்தான். பாலாடைக்கட்டி செருகி, ஜன்னலடியில், அவள் கண்முன்னாலேயே வைத்தான். காலையில் பொறி அப்படியே இருந்தது. தாளில் புதுக் கீறல். தெக்லா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"கட்டிய மோந்துகூடப் பாக்கல. பிளாஸ்டிக்க மட்டும் கடிச்சிருக்கு. என்ன எலிடா இது? பட்டினி கெடந்து நோன்பிருக்குதா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. அவள் குனிந்து உள்ளங்கையைக் கீறலுக்கு நேரே வைத்துப் பார்த்தாள். முகம் சுளித்தது.

"குளிர் உள்ள வருது, ஒஸ்தாப்."

"வரட்டும்," என்றான். "வரட்டும், தெக்லா."

அவள் நாடாவைக் கேட்டுக் கையை நீட்டினாள். அவன் எடுத்துக் கொடுத்தான்.